சத்தியப் பிரமாணமும் நாத்திகரும்: ஒழுக்கத்தின் அடிப்படை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒழுக்கம் சமய நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டதா, அன்றி அதனின்றும் வேறாக நிற்கவல்லதா என்பது மெய்யியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். கடவுள் ஒருவர் உளர், அவர் நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் அளிப்பர் என்ற எண்ணம் இல்லாதவன் எதன்பொருட்டு உண்மை பேசுவான், எதற்கு அஞ்சிக் களவைத் தவிர்ப்பான் என ஒரு சாரார் வினவுவர். தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் நன்மை நன்மையாகுமா என மறுசாரார் எதிர்வினா எழுப்புவர்.

இவ்வினா நூல்களில் மட்டும் எழுந்ததொன்றன்று. இங்கிலாந்தில் அது நீதிமன்றங்களிலும் பாராளுமன்றத்திலும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வழக்காடப்பட்டது. அங்கு வினா மிக எளிய வடிவம் பெற்றது: கடவுளை நம்பாத ஒருவன் சாட்சிக் கூண்டில் நின்று கூறும் சொல்லை நம்பலாமா? இதற்கு அளிக்கப்பட்ட விடையைப் பொறுத்தே ஒருவன் தன் கடனை மீட்கவும், தன்னிடம் திருடியவனைத் தண்டிக்கவும், மக்கள் தெரிந்தெடுத்த ஆசனத்தில் அமரவும் முடிந்தது. எனவே சத்தியப் பிரமாணத்தின் வரலாற்றினூடாக இவ்வினாவை நோக்குவது பயனுடையதாகும்.

வால்வெள்ளியும் பேலும்

1680ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய வானிற் பெரியதொரு வால்வெள்ளி தோன்றியது. கடவுளின் சினத்துக்கு அது அறிகுறி என மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை ஆராயப் புகுந்த பியர் பேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1682இல் ஒரு நூலை வெளியிட்டார். வால்வெள்ளி பற்றிய அந்நூலே கடவுளை நம்பாதோரின் ஒழுக்கம் பற்றிய புகழ்பெற்ற விவாதத்துக்குத் தொடக்கமாயிற்று.

பேலின் வாதம் தருக்கத்திலும் பார்க்க அவதானிப்பையே பெரிதும் சார்ந்தது. மனிதர் தாம் கொண்ட கோட்பாட்டின்படி நடப்பதில்லை; தம் இயல்பு, பழக்கம், மேலோங்கி நிற்கும் விருப்பு ஆகியவற்றின் வழியே நடக்கின்றனர் என்பது அவரது முடிபு. நரகத்தை ஐயமின்றி நம்புவோர் பலர் கொலையும் கொள்ளையும் செய்கின்றனர். அவர்களுடைய நம்பிக்கை அவர்களைத் தடுக்கவில்லையாயின், நம்பிக்கையின்மை மட்டும் மனிதனைத் தீயவனாக்கிவிடும் என எவ்வாறு கூறலாம்? புகழ்மீதுள்ள விருப்பும் பழிக்கு அஞ்சும் அச்சமும் சட்டத்தின் கண்டிப்பும் சேர்ந்து நாத்திகரைக் கொண்ட ஒரு சமுதாயத்தையும் ஒழுங்காக இயங்கச் செய்யலாம் என அவர் துணிந்து எழுதினார். 1619இல் துலூஸ் நகரில் நாத்திகன் எனக் கொல்லப்பட்ட வனினியையும் அவர் எடுத்துக்காட்டினார். பொய் சொல்லி உயிர் தப்பியிருக்கக்கூடிய ஒருவன் தன் கருத்துக்காக இறந்தான் என்பதே அவ்வெடுத்துக்காட்டின் பொருளாகும்.

பேல் நாத்திகர் கூட்டத்திலிருந்து வந்தவரல்லர். புரட்டஸ்தாந்து சமயப் போதகர் ஒருவரின் மகனாகிய அவர், அச்சமயத்தார் ஒடுக்கப்பட்ட பிரான்சை விட்டு 1681இல் ரொட்டர்டாம் நகருக்குச் சென்றவர். 1685இல், பிரெஞ்சு அரசன் புரட்டஸ்தாந்தருக்கு அளித்திருந்த உரிமைகளைப் பறித்த அதே ஆண்டில், அவருடைய சகோதரர் சிறையில் மாண்டார். சமய நம்பிக்கை மிக்கோர் சமயத்தின் பெயரால் இழைக்கும் கொடுமையை அவர் தம் குடும்பத்திலேயே கண்டவர். பின்னர் ரொட்டர்டாமிலும் அவருடைய கருத்துகள் எதிர்க்கப்பட்டன. 1693இல் அவர் தம் ஆசிரியப் பதவியை இழந்தார்.

அதே காலத்தில் ஒல்லாந்திற் புகலிடம் பெற்றிருந்த ஆங்கிலேயராகிய ஜோன் லொக், சமயப் பொறுமை குறித்து எழுதிய கடிதம் 1689இல் வெளிவந்தது. பல்வேறு சமயப் பிரிவினரையும் அரசு பொறுத்துக்கொள்ள வேண்டும் என வாதாடிய லொக், நாத்திகருக்கு மட்டும் அவ்வுரிமையை மறுத்தார். வாக்குறுதியும் உடன்படிக்கையும் சத்தியமும் மனித சமுதாயத்தின் கட்டுகள்; கடவுளை மறுப்பவனை அவை கட்டுப்படுத்தா என்பது அவர் கூறிய காரணமாகும். துன்புறுத்தலை எதிர்த்த இரு பேரறிஞரும் இவ்வொரு வினாவில் எதிரெதிரே நின்றமை நோக்கத்தக்கது. இங்கிலாந்தின் சட்டம் நெடுங்காலம் லொக்கின் பக்கமே நின்றது.

கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கு

பதினேழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சட்ட அறிஞராகிய எட்வேட் கோக், கிறித்தவரல்லாதார் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் எனக் கருதினார். வணிகமும் ஆட்சியும் கடல் கடந்து விரிந்தபோது இக்கருத்து நடைமுறைக்கு ஒவ்வாததாயிற்று. கல்கத்தாவின் இந்து வணிகரான ஓமிச்சந்து, பாக்கர் என்பவரிடமிருந்து தமக்குச் சேரவேண்டிய பணத்தைக் கோரித் தொடுத்த வழக்கில், தம் சமய முறைப்படி சத்தியஞ் செய்த இந்துச் சாட்சிகளின் கூற்றை ஏற்கலாமா என்ற பிரச்சினை எழுந்தது. 1744இல் ஹாட்விக் பிரபு தலைமையில் அதனை ஆராய்ந்த நீதிமன்றம், அச்சாட்சியத்தை ஏற்கலாம் எனத் தீர்த்தது.

இத்தீர்ப்புப் பரந்த மனப்பான்மையுடையது என்பதில் ஐயமில்லை. கிறித்தவ நம்பிக்கைக்குப் பதிலாக, பொய்ச்சத்தியத்தைத் தண்டிக்கும் கடவுள் ஒருவர் உளர் என்ற நம்பிக்கையே இப்போது அளவுகோலாயிற்று. ஆனால் வாயில் திறக்கப்பட்ட அதே வேளையில் எல்லைக்கோடும் தெளிவாக வரையப்பட்டது. எச்சமயத்தவனும் சாட்சி சொல்லலாம். கடவுளையும் அவரது தண்டனையையும் நம்பாதவன் மட்டும் சொல்லலாகாது. உண்மை பேசுதல் என்ற ஒழுக்கத்துக்குக் கடவுளச்சமே அடிப்படை என்னும் கருத்து இவ்வாறு சட்ட விதியாக வடிவம் பெற்றது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு இங்கிலாந்திலேயே இருந்தது. குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர் ஆழ்ந்த சமயப் பற்றுடையோர். ஆயினும் சத்தியஞ் செய்தல் ஆகாது என்ற இயேசுவின் போதனையை எழுத்துப்படி ஏற்ற அவர்கள், நீதிமன்றத்திலும் சத்தியஞ் செய்ய மறுத்தனர். எப்போதும் உண்மை பேச வேண்டியவன் ஒரு சில வேளைகளில் மட்டும் சத்தியஞ் செய்வது, ஏனைய வேளைகளிற் பொய்க்கு இடமளிப்பதாகும் என்பது அவர்தம் கருத்து. நெடுங்காலம் சிறையும் இழப்பும் அனுபவித்த பின்னர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை செய்யும் சலுகையை அவர்கள் பெற்றனர். 1833இல் ஜோசப் பீஸ் என்னும் குவேக்கர் பாராளுமன்றத்திலும் உறுதியுரை செய்து ஆசனமேற்றார். சத்தியமின்றியும் ஒருவன் சொல்லை நம்பலாம் என்பதை ஆங்கிலச் சட்டத்துக்கு முதலிற் கற்பித்தோர் நாத்திகரல்லர், இச்சமயவாதிகளே எனலாம்.

பொய்யனுக்கு இடமும் மெய்யனுக்குத் தடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பிக்கையின்மையை வெளிப்படையாகக் கூறுவோர் தொகை பெருகியது. அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1842இல் தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக ஆறு மாதம் சிறைப்படுத்தப்பட்டார். அவர் சிறையிலிருந்தபோது அவருடைய சிறு மகள் இறந்தாள். சமயத்தைச் சாராத வாழ்க்கை நெறியைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘செக்கியுலரிசம்’ என்ற சொல்லை 1851இல் ஆக்கியவரும் அவரே. 1857இல் அவரும் எட்வேட் ட்ரூலவ் என்பாரும் தம் நம்பிக்கையின்மையை மறைக்காது கூறியமையால் யூரராக இருக்கத் தகுதியற்றோர் என விலக்கப்பட்டனர். அதே ஆண்டில், திருட்டுக்கொடுத்த வெளிநாட்டவர் ஒருவர் இலண்டன் நீதிமன்றொன்றில் தமக்குச் சமய நம்பிக்கை இல்லை என்றார். அவருடைய முறைப்பாடு ஏற்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சிகளை ஜோன் ஸ்டுவாட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய தமது நூலில் எடுத்து ஆராய்ந்தார். இவ்விதி தன் நோக்கத்தைத் தானே அழிக்கின்றது என்பது அவரது வாதத்தின் சாரமாகும். நாத்திகன் பொய்யன் என்ற எண்ணத்தில் அமைந்த அவ்விதி, தன் கருத்தை மறைத்துப் பொய்யாகச் சத்தியஞ் செய்யும் நாத்திகனை ஏற்கின்றது. பழியும் இழப்பும் வருமென அறிந்தும் உண்மையைக் கூறும் நாத்திகனையே விலக்குகின்றது. அதாவது, ஒருவன் உண்மையாளன் என்பதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்றே அவனைப் பொய்யன் எனத் தள்ளுவதற்குக் காரணமாகின்றது. இவ்விதி நம்பிக்கையுடையோருக்கும் இழிவு செய்கின்றது என்பதையும் மில் சுட்டினார். மறுமையை நம்பாதவன் பொய் சொல்வது உறுதியாயின், மறுமையை நம்புவோர் நரகத்துக்கு அஞ்சியே உண்மை பேசுகின்றனர் என்பதும் பெறப்படுமன்றோ?

இறுதியில் 1869ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டிலும் நிறைவேறிய சாட்சியச் சட்டங்கள், சத்தியத்தாற் கட்டுப்படாதோர் நீதிமன்றத்தில் உறுதியுரை செய்ய வழிவகுத்தன. எனினும் சத்தியம் தன் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தாது என நீதிபதிக்கு மெய்ப்பித்த பின்னரே ஒருவன் அவ்வுரிமையைப் பெறக்கூடியதாயிருந்தது.

பிராட்லோவின் ஆறு ஆண்டுகள்

இவ்வரலாற்றின் உச்சக்கட்டம் சார்ள்ஸ் பிராட்லோவின் போராட்டமாகும். 1833இல் இலண்டனில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1866இல் தேசிய செக்கியுலர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1868இல் அவர் தேர்தலில் நின்றபோது அவரது செலவுக்கு மில் பணம் உதவினார். பிராட்லோ வெற்றி பெறவில்லை. மில்லும் அத்தேர்தலிலே தம் ஆசனத்தை இழந்தார்.

1880 ஏப்ரலில் நோர்தாம்ப்டன் தொகுதி மக்கள் பிராட்லோவைத் தெரிந்தெடுத்தனர். மே 3ஆந் திகதி, சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை செய்ய அவர் அனுமதி கேட்டார். சாட்சியச் சட்டங்கள் பாராளுமன்றத்துக்குப் பொருந்தா எனத் தெரிவுக்குழு கருதியது. அதன் பின்னர் அவர் வழமையான சத்தியத்தையே செய்ய முன்வந்தார். கடவுளைக் குறிக்கும் சொற்கள் தமக்குப் பொருளற்றவை எனினும், சத்தியத்தின் உட்பொருளால் தாம் கட்டுப்படுவதாக அவர் வெளிப்படையாக எழுதினார். பொருளற்றது என ஒருவன் கூறும் சத்தியத்தை அவனிடமிருந்து ஏற்கலாகாது எனச் சபை மறுத்தது. யூன் 23ஆந் திகதி சபையை விட்டு வெளியேற மறுத்த அவர் மணிக்கூட்டுக் கோபுரத்திற் சிறைவைக்கப்பட்டு மறுநாள் விடுவிக்கப்பட்டார்.

பிராட்லோ சத்தியஞ் செய்ய முன்வந்தமை அவரது நண்பர் சிலருக்கும் உவப்பாயிருக்கவில்லை. உறுதியுரையைக் கோரிய நாத்திகர் பின்னர் கடவுளின் பெயரைச் சொல்ல இசைவது முரண்பாடு என்ற குற்றச்சாட்டு எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. குவேக்கர் அவ்வாறு செய்திருக்க மாட்டார். ஆயினும் பிராட்லோ தம் கருத்தை மறைத்துச் சத்தியஞ் செய்ய முனையவில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். வாய் திறவாது சத்தியஞ் செய்திருப்பாராயின் எவரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார். மில் சுட்டிக்காட்டிய அதே முரண்பாடு இப்போது பாராளுமன்றத்திலே மீண்டும் அரங்கேறியது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை நீண்டவை. சட்டவிளைவுகளுக்குத் தாமே பொறுப்பேற்று 1880 யூலையில் உறுதியுரை செய்து அமர்ந்த அவர், 1881 மார்ச்சில் நீதிமன்றத் தீர்ப்பினால் ஆசனத்தை இழந்தார். அடுத்த மாதமே மக்கள் அவரை மீண்டும் தெரிந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆந் திகதி சபைக்குள் நுழைய முயன்றபோது பொலிசாரும் சேவகரும் உடை கிழிய அவரை வெளியே இழுத்துச் சென்றனர். 1882 பெப்ரவரியில் அவர் தாமாகவே சபையில் சத்தியஞ் செய்து கொண்டார். வெளியேற்றப்பட்டு மார்ச்சில் மறுபடியும் தெரிவானார். 1884இலும் 1885இலும் அவ்வாறே வென்றார். ஐந்து தேர்தல்களில் ஒரே தொகுதி மக்கள் அவரைத் தெரிந்தெடுத்தனர்.

இப்போராட்டத்திற் பிராட்லோவுக்காகப் பேசியவர்களுள் தலையாயவர் பிரதமர் கிளாட்ஸ்டன் ஆவர். அவர் ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளர். பிராட்லோவின் கொள்கைகளை வெறுத்தவர். எனினும் 1883இல் உறுதியுரைச் சட்டமூலத்தை ஆதரித்து அவர் ஆற்றிய உரை அவருடைய சிறந்த உரைகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஏதோவொரு கடவுளை ஏற்பவன் தகுதியுடையவன், ஏற்காதவன் தகுதியற்றவன் என்ற பிரிவினாற் கிறித்தவத்துக்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லை என்றார் அவர். சமயத்தைக் காப்பதாகக் கூறி அநீதி இழைக்கப்படுவதை மக்கள் காணும்போது, அவர்கள் சமயத்தின் மீதே ஐயங்கொள்வர் எனவும் எச்சரித்தார். கர்தினால் மானிங் சட்டமூலத்தை வன்மையாக எதிர்க்க, கர்தினால் நியூமன் எதிர்ப்பு மனுவிற் கையொப்பமிட மறுத்தமையும் குறிப்பிடத்தக்கது. சட்டமூலம் 292க்கு 289 என மூன்றே வாக்குகளால் தோல்வியுற்றது.

1886 சனவரியில் புதிய பாராளுமன்றம் கூடியபோது, உறுப்பினருக்கும் அவர் செய்யும் சத்தியத்துக்குமிடையே எவரும் குறுக்கிடலாகாது எனச் சபாநாயகர் பீல் தீர்ப்பளித்தார். பிராட்லோ சத்தியஞ் செய்து ஆசனமேற்றார். இரண்டாண்டுகளின் பின், சமய நம்பிக்கை இல்லை என்ற காரணத்தாலோ சமயக் கொள்கையின் காரணத்தாலோ சத்தியத்தை மறுக்கும் எவரும் உறுதியுரை செய்யலாம் என்ற 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவரது முயற்சியால் நிறைவேறியது. 1891 சனவரியில் அவர் மரணப்படுக்கையிற் கிடந்தபோது, 1880இல் தனக்கெதிராக நிறைவேறிய தீர்மானத்தைச் சபை தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. இந்தியாவின் குறைகளைப் பாராளுமன்றத்தில் இடையறாது எடுத்துரைத்தமையால் ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ எனப் பெயர் பெற்ற அவரது இறுதிச் சடங்கில், அப்போது இலண்டனிற் சட்டம் பயின்ற காந்தியும் கலந்துகொண்டார்.

கீழைத்தேயத்தில் இவ்வினா

பிராட்லோவின் குரல் தமிழகத்திலும் கேட்டது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் இதழ், அவருடைய கருத்துகளைத் தமிழ் வாசகருக்கு அறிமுகஞ் செய்தது. தமிழுக்கு இப்பொருள் முற்றிலும் புதியதன்று. உலகைப் படைத்த கடவுளை ஏற்காத சமணர் இயற்றிய நாலடியார் முதலிய நீதிநூல்கள் தமிழ் மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கற்றவை. திருக்குறளின் வாய்மை அதிகாரமும், பிறர்க்குத் தீங்கு பயவாமையை அளவுகோலாகக் கொண்டே வாய்மையை வரையறுக்கின்றது. பொய்த்தவனை வருத்துவது அவனது நெஞ்சே என்ற எண்ணத்துக்கு அங்கு முதலிடம் உண்டு.

இலங்கையில் இவ்வினா வேறொரு வடிவில் எழுந்தது. 1873 ஓகஸ்டில் பாணந்துறையில் நிகழ்ந்த புகழ்பெற்ற விவாதத்தில், நிலையான ஆன்மா இல்லையெனின் தன் செயலுக்குப் பயன் அனுபவிப்பவன் எவன், அவ்வாறாயின் நல்லொழுக்கத்துக்குத் தூண்டுதல் எது எனக் கிறித்தவப் போதகர் டேவிட் டி சில்வா பௌத்தரை நோக்கி வினவினார். பயன் அனுபவிப்பவன் அதே ஆளும் அல்லன், முற்றிலும் வேறு ஆளும் அல்லன் என்ற பௌத்த மரபுவழி விளக்கத்தை மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அளித்தார். அவ்விடையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. பொய் கூறாமையை ஐந்து சீலங்களுள் ஒன்றாகக் கொண்ட பௌத்தம், படைப்புக் கடவுளை ஏற்காமலே பல நூற்றாண்டுகள் ஒரு மக்களினத்தின் ஒழுக்கத்தை வழிநடத்தியது என்பது கண்கூடு. பௌத்தமும் சமணமும் வினைப்பயனை ஏற்பவை. ஆதலின் சமயமே இன்றி ஒழுக்கம் நிலைக்கும் என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டல் பொருந்தாது. ஆயினும் தண்டிக்கும் கடவுள் ஒருவரின்றி உண்மை பேசுதல் இயலாது என்ற 1744ஆம் ஆண்டு அளவுகோலை அவை பொய்ப்பிக்கின்றன. 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சத்தியக் கட்டளைச் சட்டம், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும், மனச்சாட்சியின்படி சத்தியத்தை மறுக்கும் பிறரும் உறுதியுரை செய்ய இந்நாட்டில் இடமளித்தது.

முடிவுரை

இவ்வரலாறு எதனை நிறுவுகின்றது, எதனை நிறுவவில்லை என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். சமயம் ஒழுக்கத்துக்கு எதுவும் செய்யவில்லை என இது காட்டவில்லை. சத்தியமின்றியே உண்மை பேசலாம் என்பதைச் சிறைசென்று நிறுவிய குவேக்கரும், தாம் வெறுத்த கொள்கையாளனுக்கு நீதி கோரிய கிளாட்ஸ்டனும் தம் சமயத்திலிருந்தே அவ்வுறுதியைப் பெற்றனர். நம்பிக்கையின்மை ஒருவனை நல்லவனாக்கும் எனவும் இது காட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நாத்திகத்தை அரச கொள்கையாகக் கொண்ட சோவியத் ஒன்றியமும் அல்பேனியாவும் மனச்சாட்சியை ஒடுக்குவதில் பழைய சமய அரசுகளுக்கு இளைத்தவையாக இருக்கவில்லை. மனிதர் தம் கோட்பாட்டின்படி நடப்பதில்லை என்ற பேலின் கூற்று இரு சாராருக்கும் பொருந்துவதே.

நிறுவப்படுவது இதுவே: ஒருவனது நம்பிக்கையைக் கொண்டு அவனது நேர்மையை அளக்க முற்பட்ட சட்டம், தான் தேடிய நேர்மையையே தண்டித்தது. சமயம் பலருக்கு ஒழுக்கத்தைக் கற்பித்துள்ளது. ஆனால் ஒழுக்கம் சமயத்தின் தனியுடைமையன்று. ஹோலியோக்கும் பிராட்லோவும் எந்தத் தெய்வத்துக்கும் அஞ்சியவரல்லர். ஒரு சிறு பொய்யினால் அவர்கள் தம் இழப்புகளில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். அப்பொய்யைச் சொல்ல அவர்கள் மறுத்தனர்.

இன்று நமது நாட்டு நீதிமன்றத்தில் ஒரு சாட்சி சத்தியஞ் செய்தாலும் உறுதியுரை செய்தாலும் அவரது கூற்றுக்குச் சட்டம் ஒரே மதிப்பை அளிக்கின்றது. பொய் சொல்லின் இருவருக்கும் தண்டனையும் ஒன்றே. ஒரு சில சொற்களால் முடியும் இச்சடங்கின் பின்னே, நம்பியோரும் நம்பாதோருமாகப் பலர் சிறையிலும் வீதியிலும் பட்ட துன்பம் இருக்கின்றது என்பதை மறத்தலாகாது.